பக்கத்து சீட்டின் பெல்ட்

பைக்கா, காரா? எங்கள் வாட்ஸப் குழுவில் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவனும் முதல் வாரமே என்னிடம் கேட்டுவிடும் கேள்வி இது. பந்தயம் இல்லாத நாளில் பந்தய மைதானத்துக்கு நம் சொந்த வண்டியைக் கொண்டுபோய், இருபது நிமிடம் இருபது நிமிடமாக ஆசை தீர ஓட்டிப் பார்ப்பதற்கு டிராக் டே என்று பெயர். கோப்பை கிடையாது, பரிசு கிடையாது, வீட்டில் திட்டு மட்டும் உறுதி. ஆறு வருடம் பைக்கில் போனேன், இப்போது இரண்டு வருடமாகக் காரில் போகிறேன். அதனால் பிடித்துக்கொள்கிறார்கள். "அண்ணே, ரெண்டுல எதுண்ணே பெஸ்ட்டு?" எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்ன, பூரியா பொங்கலா என்றா கேட்கிறாய்?

ஆனாலும் சொல்லித்தான் வைக்கிறேன். பைக் என்றால் தோல் உடுப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் வெந்து சாக வேண்டும். வளைவில் முழங்கால் தரையை உரசும். உடம்பு மொத்தத்தாலும் ஓட்ட வேண்டும். இறங்கினால் கை நடுங்கும், முகத்தில் மட்டும் சிரிப்பு போகாது. தப்புச் செய்தால் தரைக்கும் நமக்கும் நடுவே ஒன்றுமில்லை. காரில் அப்படியில்லை. தப்புச் செய்தால் டயர் கத்தும், வண்டி ஒரு சுற்றுச் சுற்றி மண்ணில் போய் நிற்கும், நாலு பேர் சிரிப்பார்கள். பிரேக் தீய்ந்து நாறும். சாயங்காலம் அதே காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு மதுரைக்கு வந்துவிடலாம். இவ்வளவும் சொல்வேன். காரில் பக்கத்தில் இன்னொரு சீட் இருக்கிறது என்பதை மட்டும் சொல்ல மாட்டேன். அது அவர்களுக்கே தெரியும், பெரிய விஷயமா என்பார்கள்.

என் பெயர் சிவபாண்டி. கப்பலூரில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன், வீடு அவனியாபுரத்தில். எங்கள் அப்பா திருமங்கலம் பக்கம் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர். அவர் மகன் தோல் உடுப்பைப் போட்டுக்கொண்டு வட்டமாக ஓட்டுவதற்கு நூறு மைல் தாண்டிப் போனான் என்றால் அதற்கு ஒரே ஒரு ஆள்தான் காரணம். முனிச்சாலையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த வெங்கடேஷ்பாபு.

பாபு சௌராஷ்டிரக்காரன். வீட்டில் பேசுவது அவர்கள் மொழி, கடையில் பேசுவது எங்கள் மதுரைத் தமிழ், வண்டியோடு பேசுவது எந்த மொழி என்று தெரியாது, ஆனால் பேசுவான். முதல்முதலில் என் பட்டறைக்கு வந்தது, பைக்கின் கால்மிதிக்கு புஷ் என்கிற சின்ன வளையம் ஒன்று கடைந்து வாங்க. நான் கடைந்து கொடுத்ததைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். "அண்ணே, ஒரு மயிரிழை கூட இருக்குண்ணே" என்றான். எனக்கு வந்த கோபத்தில் வெளியே போ என்று சொல்லிவிட்டேன். அவன் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "டீ சொல்லுங்க, குடிச்சுட்டுப் போறேன்" என்றான். அளந்து பார்த்தேன். மயிரிழை கூடத்தான் இருந்தது. அன்றிலிருந்து பத்து வருடம் அவன் எனக்கு மாப்ள, நான் அவனுக்கு மாப்ள.

அப்படி ஒரு ஆள். மழை வரும் என்று ரேடியோவில் சொன்னால் குடையோடு நிற்பான். டிராக்குக்குப் போகும்முன் ஒரு தாளில் எழுதி வைத்து ஒவ்வொன்றாக டிக் அடிப்பான்: ஹெட்லைட்டுக்கு டேப் ஒட்டினாயா, கண்ணாடியைக் கழற்றினாயா, செயினில் எண்ணெய் துடைத்தாயா. "கல்யாணத்துக்குச் சீர் சாமான் பாக்குறியாடா?" என்று கேலி செய்வேன். சிரிப்பான், டிக் அடிப்பதை நிறுத்த மாட்டான். அவன் மனைவி இந்துப்ரியாவிடம் ஒரே ஒரு சத்தியம் செய்திருந்தான். யாரோடும் போட்டி போட மாட்டேன், என் அளவுக்குத்தான் ஓட்டுவேன் என்று. அந்த வார்த்தையை அவன் ஒருநாளும் மீறியதில்லை. அதற்கு நான் சாட்சி. மோசமான சாட்சி.

பைக் டிராக் டேயில் ஒரு சட்டம் உண்டு. ரேடியேட்டரில் கூலன்ட் இருக்கக் கூடாது. கடையில் விற்கிற அந்தப் பச்சைத் தண்ணீரை இறக்கிவிட்டு வெறும் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். கூலன்ட் தரையில் சிந்தினால் சோப்பு மாதிரி வழுக்கும், லேசில் காயாது. காருக்கு இந்தச் சட்டத்தை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. பைக்குக்குக் கறார்.

பெரிய ஆட்கள் பைக்கை வண்டியில் ஏற்றிக் கொண்டுவருவார்கள். நாங்கள் ரெண்டு பேரும் ரோட்டில் ஓட்டிக்கொண்டே போவோம். திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், தாராபுரம், அப்புறம் கோயம்புத்தூர். அவ்வளவு தூரம் வெயிலில் வெறும் தண்ணீரில் ஓட்ட மனசு வராது. ஆகவே கூலன்டோடு போய், லாட்ஜில் இறங்கி மாற்றிக்கொள்வது வழக்கம். அந்தத் தடவையும் பாபு போனதும் மாற்றிவிட்டான். நான், "காலைல பாத்துக்கிறேன் மாப்ள, இடுப்பு விட்டுப்போச்சு" என்று படுத்துவிட்டேன். காலையில் எழுந்திருக்க நேரமாகிவிட்டது. மாற்றவில்லை. ஒரு நாள்தானே, யார் பார்க்கப்போகிறார்கள்?

வாசலில் வண்டி சோதிக்கிற ஆள் வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். "ரேடியேட்டர்ல தண்ணியா?" "தண்ணிதான் சார்" என்றேன். அவருக்கு என் மூஞ்சியைப் பார்த்துச் சந்தேகம். மூடியைத் திற என்றார். எஞ்சின் கொதிக்கிறது, பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். பாபு முன்னால் வந்தான். "சார், அவன் பொய் சொல்ல மாட்டான். நான் கேரண்டி." அந்த ஆள் என் ஹெல்மெட்டில் ஸ்டிக்கரை ஒட்டி அனுப்பிவிட்டார்.

இரண்டாவது செஷன். நான் முன்னால், பாபு பின்னால். எப்போதும் அப்படித்தான். நான் போகிற கோட்டிலேயே அவன் வருவான், ஒரு சாண் தள்ளி வர மாட்டான். ஐந்தாவது வளைவு ஒரு சாதாரண இடது வளைவு. அதைத் தாண்டி நேர்ப்பாதையில் வந்தபின் சிவப்புக் கொடி ஆட்டினார்கள். திரும்பிப் பார்த்தேன். என் பின்னால் யாரும் இல்லை.

கழுத்தில் அடி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

அவன் பைக் உருண்டதில் அதன் ரேடியேட்டர் உடைந்து, ஆயில் கொட்டி, அந்த இடமே ஒரு கலவையாகக் கிடந்தது. யாரும் எதையும் பிரித்துப் பார்க்கவில்லை. "வேகம் கூடிப்போச்சுங்க" என்றார் ஒருவர். அதையே எல்லாரும் சொன்னார்கள். நான் மட்டும் என் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் ஓரமாக நிறுத்திக் குனிந்தேன். ரேடியேட்டர் குழாயின் கிளிப் தளர்ந்திருந்தது. என் இடது பூட்ஸ் முழுக்கப் பச்சை. தண்ணீராக இருந்திருந்தால் அந்த வெயிலில் காய்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். குழாயடியில் பூட்ஸைக் கழுவினேன். கழுவும்போது என் கை என் பேச்சைக் கேட்டு வேலை செய்தது. அதுதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

ஏன் சொல்லவில்லை? பயம். வேறு ஒரு வெங்காயமும் இல்லை.

அதன்பின் மாதம் ஒருமுறை முனிச்சாலைக்குப் போவேன். இந்துப்ரியா கடையை எடுத்து நடத்த ஆரம்பித்திருந்தாள். காபி கொடுப்பாள். பாபுவின் போட்டோ சுவரில் இல்லை. கேட்டதற்கு, "பீரோவுல கெடக்கு. என்கிட்ட சத்தியம் பண்ணிட்டுப் போயி அங்க வேகம் விட்டவருக்கு மாலை ஒண்ணுதான் கேடு" என்றாள். திதியெல்லாம் முறைப்படி செய்தாள், ஒன்றைக்கூட விட்டதில்லை. மாலை மட்டும் போடவில்லை. செத்தவனோடு இவ்வளவு கோபமாகச் சண்டை போட்ட ஒருத்தியை நான் பார்த்ததில்லை. "ஏண்ணே, நீங்க முன்னாடி போனீங்களே, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே. இவருக்கு மட்டும் என்ன அவசரம்?" என்பாள். நான் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டு, "என்னம்மா பண்றது" என்பேன். அவள் போட்ட காபி தித்திப்பாக இருக்கும். முழுதும் குடித்துவிட்டு வருவேன்.

பைக்கை விற்றுவிட்டேன். ஒரு பழைய சின்னக் கார் வாங்கினேன். எட்டு ஒன்பது மாதம் கழித்து அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் அதே டிராக்குக்குப் போனேன். "உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா?" என்றாள் என் மனைவி தமிழ்வாணி. பிடித்துத்தான் இருந்தது. போகாமல் இருந்தால் தூக்கத்தில் அந்த வளைவு வந்தது. போனால் ஒருவேளை விட்டுவிடும் என்று நினைத்தேன்.

முதல் செஷன், மூன்றாவது சுற்று, ஐந்தாவது வளைவு. டிங், டிங், டிங் என்று அடிக்க ஆரம்பித்தது. பக்கத்து சீட்டில் ஆள் இருக்கிறார், பெல்ட் போடவில்லை என்று கார் சொல்லும் மணி. திரும்பிப் பார்த்தேன். சீட் காலியாக இருந்தது. ஒரு துணிகூட இல்லை.

அவனியாபுரத்தில் கார் எலக்ட்ரீசியன் மருதுவிடம் காட்டினேன். சீட்டையே பிரித்துப் போட்டுப் பார்த்தான். "எல்லாம் கரெக்டா இருக்குண்ணே. சில வண்டில இப்படி அடிக்கும். காலி சீட்டுலயே பெல்ட்டை மாட்டி விட்டுருங்க, சத்தம் நின்னுரும். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க." மாட்டினேன். சத்தம் நின்றது. எப்போதாவது கழற்றினால் போதும், கப்பலூர் டோல்கேட்டில் ஒருநாள், திருமங்கலம் பைபாஸில் ஒருநாள், நல்ல வெயில் நேரத்தில், டிங், டிங். நான் பேய் பிசாசு நம்புகிறவன் இல்லை. சென்சார் என்றால் சென்சார்தான். ஆனாலும் அந்த மணி அடிக்கும்போது என் வாய் தன்னால், "இருக்கட்டும் மாப்ள, தெரியும்" என்று சொல்லும். எனக்கே கேவலமாக இருக்கும்.

காலி சீட்டுக்குப் பெல்ட் போட்டுக்கொண்டு இரண்டு வருடம் ஓட்டினேன்.

இந்த வருடம் பாபுவின் மூன்றாவது திதி முடிந்து நாலாம் நாள் இந்துப்ரியா போன் செய்தாள். "அண்ணே, எனக்கு அந்த எடத்தைப் பாக்கணும்."

"எதுக்கும்மா? பாத்து என்ன ஆகப்போகுது?"

"பாக்கணும். பைக்குன்னா என்னைய ஏத்திக்கிட்டுப் போக விட மாட்டாங்கன்னு தெரியும். காருன்னா பக்கத்துல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போகலாமாமே, அக்கா சொன்னாங்க."

தமிழ்வாணி சொல்லியிருக்கிறாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் குடும்பத்தாரை ஏற்றிக்கொண்டு மெதுவாக இரண்டு சுற்று வர விடுவார்கள். காருக்கு மட்டும்தான். முடியாது என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

மூன்று பேரும் விடியக் கிளம்பினோம். பெண்கள் இருவரும் பின்சீட்டில். முன்சீட்டில் வழக்கம்போல் பெல்ட் மட்டும். அவர்கள் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார்கள், பேசினார்கள், தாராபுரம் தாண்டித் தூங்கினார்கள். நான் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

மதியம் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு இந்துப்ரியா முன்கதவைத் திறந்தாள். அப்படியே நின்றாள்.

"யாருக்குண்ணே பெல்ட் போட்டு வச்சிருக்கீங்க?"

"சென்சார் கோளாறும்மா. போடலைன்னா கத்தும்."

அவள் அதைக் கழற்றினாள், உட்கார்ந்தாள், தனக்கு மாட்டிக்கொண்டாள். தமிழ்வாணி நிழலில் நின்று கையசைத்தாள். முதல் சுற்றில் ஐந்தாவது வளைவு வந்ததும், "இதுதாம்மா" என்றேன். கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டாவது சுற்றில் இன்னும் மெதுவாகப் போகச் சொன்னாள். நாற்பதில் உருட்டினேன்.

"இங்கயா?" என்றாள். "இது நம்ம தெப்பக்குளத்து முக்கு மாதிரில்ல இருக்கு. இதுல போயி விழுறதுக்கு எம்புட்டு வேகம் போயிருக்கணும்? ஊருக்கெல்லாம் கண்ணு பாத்து கண்ணாடி போட்டு விட்ட மனுசன், தனக்கு முன்னாடி என்ன இருக்குன்னு பாக்க மாட்டாரா? நாசமாப் போனவரு. என்னைய ஏமாத்திட்டாரேண்ணே." ஹெல்மெட்டுக்குள் அழுதாள். கண்ணாடியைத் தூக்கிவிடத் தெரியவில்லை, உள்ளேயே கையை விட்டுத் துடைக்கப் பார்த்தாள்.

அவனுக்கு முன்னால் நான்தான் இருந்தேன்.

"அவன் ஒண்ணும் பண்ணலம்மா" என்றேன். "அவன் வேகமாப் போகல. எப்பவும் போற மாதிரிதான் போனான். நாந்தாம்மா." அதன்பின் வாய் நிற்கவில்லை. லாட்ஜில் படுத்தது, மாற்றாதது, தண்ணிதான் என்று சொன்னது, அவன் கேரண்டி கொடுத்தது, கிளிப், பூட்ஸ், குழாயடி, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் சுற்று முடிந்து வண்டிகள் நிற்கும் இடத்துக்கு வந்துவிட்டோம்.

அவள் இறங்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"மூணு வருசமா எங்க வீட்டுல வந்து காபி குடிச்சீங்களேண்ணே" என்றாள்.

அதற்குப் பதில் என்னை அறைந்திருக்கலாம். பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கிப் போனாள்.

திரும்பும்போது அவள் பின்சீட்டில்தான் ஏறினாள். தமிழ்வாணி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்த இடத்தைப் பார்த்த துக்கம் என்று நினைத்துக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டைத் தாண்டியதும் இந்துப்ரியா, "அண்ணே, என்கிட்ட சொன்னதை அக்காகிட்டயும் சொல்லுங்க" என்றாள்.

"வீட்டுக்குப் போயி..."

"இப்பச் சொல்லுங்க."

கண்ணாடியில் என் மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். இரண்டாவது தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது. தமிழ்வாணி பூட்ஸ் கழுவியதைச் சொன்ன இடத்தில் மட்டும், "அந்த பூட்ஸா?" என்று கேட்டாள். அவள்தான் அதை யாருக்கோ தானமாகக் கொடுத்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிடித்திருந்த கையை மட்டும் விடவில்லை.

திண்டுக்கல் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மணி அடிக்க ஆரம்பித்தது. டிங், டிங், டிங். மதியம் இந்துப்ரியா கழற்றிய பெல்ட் கழற்றியபடியே இருந்தது. முன்சீட்டில் யாரும் இல்லை.

"அதை மாட்டித் தொலைங்களேன்" என்றாள் தமிழ்வாணி, அழுத குரலில். "காதைக் குடையுது."

நான் இடது கையை நீட்டி பெல்ட்டின் நாக்கைப் பிடித்துவிட்டேன்.

"மாட்டாதீங்க" என்றாள் இந்துப்ரியா. "அடிக்கட்டும்."

கையை எடுத்துவிட்டேன். மணி ஒன்றரை நிமிடம் அடித்துவிட்டுத் தானாக நிற்கும், கொஞ்ச தூரம் போனதும் மறுபடி அடிக்கும். வாடிப்பட்டியில் அடித்தது, சமயநல்லூரில் அடித்தது. இந்துப்ரியா முன்னால் சாய்ந்து, அந்தக் காலி சீட்டின் தோள் பக்கத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு வந்தாள். அவர்கள் மொழியில் மெதுவாக ஏதோ சொன்னாள். எனக்குப் புரியவில்லை. திட்டு மாதிரி இல்லை.

கீழவாசலில் நிறுத்தச் சொன்னாள். பூக்கடையில் நின்று நல்ல கெட்டி மாலையாகப் பார்த்து, ஒன்றைத் தள்ளிவிட்டு இன்னொன்றை எடுத்து, வாழையிலையில் சுற்றி வாங்கிவந்தாள். சாயங்கால வெளிச்சம் இன்னும் போகவில்லை. முனிச்சாலையில் அவள் வீட்டு வாசலில் இறங்கினாள். நானும் இறங்கி நின்றேன். என்ன எதிர்பார்த்து நின்றேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

"நாளைக்கு போட்டோவ எடுத்து மாட்டப்போறேன்" என்றாள். "மொத மாலை. அக்கா, நீங்க கண்டிப்பா வந்துருங்க. காலைல எட்டு மணிக்கு."

"வாரேன்மா" என்றாள் தமிழ்வாணி.

அப்புறம் இந்துப்ரியா என்னைப் பார்த்தாள். அந்த மூன்று வருடத்தில் அவள் என்னை நேருக்கு நேராகப் பார்த்தது அப்போதுதான் என்று தோன்றியது. குரலை உயர்த்தவில்லை.

"நீங்க வராதீங்கண்ணே."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தமிழ்வாணி பின்சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள், முன்னால் வரவில்லை. வில்லாபுரம் திரும்பும்போது மணி அடிக்க ஆரம்பித்தது. நான் கையை நீட்டவில்லை.